எம்மாவும் நைட்லியும்: நட்பு காதலான கதை

இங்கிலாந்து வங்கி 2017 செப்டம்பர் 14 அன்று புழக்கத்திற்கு விட்ட பத்துப் பவுண்டுத் தாளில் ஜேன் ஆஸ்டின் என்னும் புதின ஆசிரியையின் உருவம் இடம்பெற்றது. அவர் மறைந்து இருநூறு ஆண்டுகள் நிறைவுற்றதையொட்டி அளிக்கப்பட்ட சிறப்பு அது. பணத்தாள்களோடு அன்றாடம் பழகும் நமக்கு அத்தாளின் பாதுகாப்புக் கூறுகளே முதலில் கண்ணில் பட்டன. அதில் இருக்கும் அம்மையாரின் நூல் ஒன்றையேனும் படித்துப் பார்ப்போமே என்னும் எண்ணம் பின்னரே எழுந்தது.

வணிகவியல் பயின்று, கடன் விண்ணப்பங்களையும் இருப்புநிலைக் குறிப்புகளையும் படித்தே நடுவயதை எட்டிய நமக்குக் காதல் கதைகளில் பெரிய நாட்டம் இருந்ததில்லை. கண்டார்கள், பிணங்கினார்கள், மணந்தார்கள் என்பதற்கு நானூறு பக்கங்கள் எதற்கு என்பது நம் எண்ணம். 'எம்மா' புதினத்தைக் கையில் எடுத்தபோதும் அதிகம் எதிர்பார்க்கவில்லை. முடித்த மறுநாளே மீண்டும் முதற்பக்கத்திலிருந்து தொடங்கினோம்.

இக்கதையில் காதலர் இருவரும் புதிதாகச் சந்திப்பதே இல்லை. ஹைபரி என்னும் சிற்றூரில் செல்வக் குடும்பத்தில் பிறந்த எம்மாவுக்கு வயது இருபத்தொன்றை நெருங்குகிறது. பக்கத்து நிலக்கிழார் நைட்லி அவளைவிடப் பதினாறு வயது மூத்தவர். அவருடைய தம்பி எம்மாவின் அக்காளை மணந்தவர். மாலை வேளைகளில் வருவார், அவளுடைய தந்தையாரோடு அளவளாவுவார், அவளோடு வாதிடுவார், வீடு திரும்புவார். ஊரார் அனைவருக்கும் திருமணப் பொருத்தம் பார்க்கத் துடிக்கும் எம்மா, தன் வீட்டு வரவேற்பறையில் அமர்ந்திருப்பவரை மட்டும் எண்ணிப் பார்ப்பதே இல்லை.

இரண்டாம் முறை படிக்கையில்தான் இதன் சுவை முழுமையாகப் புலப்படுகிறது. ஒரு விருந்துக்கு, வண்டி வசதியற்ற மிஸ் பேட்ஸ் என்னும் முதிர்கன்னியையும் அவருடைய உடன்பிறந்தாள் மகள் ஜேன் ஃபேர்ஃபாக்ஸையும் அழைத்து வர, வழக்கமாக நடந்தே செல்லும் நைட்லி தம் வண்டியை அனுப்புகிறார். அவர் ஜேனை விரும்புகிறாரோ என்று தோழி ஒருத்தி ஐயுற, எம்மா பதறுகிறாள்: நைட்லி மணம் புரியவே கூடாது, புரிந்தால் அக்காள் மகன் குட்டி ஹென்றிக்குச் சேர வேண்டிய சொத்து என்னாவது? வாரிசுரிமைச் சிக்கல்களை நாள்தோறும் காணும் நாம் இவ்விடத்தில் வாய்விட்டுச் சிரித்தோம். தன் மனத்தைத் தானே அறியாத ஒருத்தி, சொத்துக் கணக்கைக் காரணம் காட்டுகிறாள். பிற்பாடு அவளே நைட்லியை மணக்க இசையும்போது குட்டி ஹென்றியின் நினைவு அவளுக்கு எழுவதில்லை. வெகு தாமதமாகத்தான் அது நினைவுக்கு வந்து தனக்குள் சிரித்துக்கொள்கிறாள்.

புதினத்தின் உயிர்நிலை பாக்ஸ் ஹில் குன்றில் நிகழும் உல்லாசப் பயணம். பொழுதுபோக்காக, ஒவ்வொருவரும் சாதுரியமான ஒன்றையோ சலிப்பூட்டும் மூன்றையோ சொல்ல வேண்டும் என்று ஒரு விளையாட்டு. வாய் ஓயாமல் பேசும் மிஸ் பேட்ஸ், சலிப்பூட்டும் மூன்று தமக்கு எளிதுதான் என வெள்ளை மனத்தோடு சொல்ல, மூன்றோடு நிறுத்திக்கொள்வதுதான் உங்களுக்குக் கடினம் என்னும் பொருள்பட எம்மா குத்திவிடுகிறாள். அவரது முகம் சிவக்கிறது. ஒருகாலத்தில் நன்கு வாழ்ந்து, இன்று பிறர் தயவில் காலந்தள்ளுபவர் அவர்.

வண்டியில் ஏறும் வேளையில் நைட்லி எம்மாவைத் தனியே கடிந்துகொள்கிறார். அவர் உனக்கு நிகரான செல்வராக இருந்தால் நான் வாய் திறந்திருக்க மாட்டேன். ஏழ்மையுற்றவர், உன்னைக் குழந்தைப் பருவம் முதல் அறிந்தவர், அவரைப் பலர் முன்னிலையில் நகைத்தாயே என்பது அவர் கூற்றின் சாரம். அவள் வேறொருவனை விரும்புகிறாள் என்றே அவ்வேளையில் அவர் நம்புகிறார். இதைச் சொன்னால் எஞ்சியிருக்கும் நட்பையும் இழக்க நேரலாம். இருந்தும் சொல்கிறார். எம்மா மறுமொழி கூற இயலாமல் வீடு சேரும்வரை கண்ணீர் வடிக்கிறாள். மறுநாட் காலை மிஸ் பேட்ஸின் வீடு தேடிச் செல்கிறாள்.

இவ்வளவு கடுஞ்சொல்லையும் தாங்கக்கூடிய உறவு ஓரிரு மாதப் பழக்கத்தில் அமையுமா? முதற்பார்வைக் காதல் கதைகளில் இத்தகைய காட்சிக்கு இடமே இல்லை. நல்ல வாடிக்கையாளர் ஒருவரிடம் "இந்தக் கடன் உங்களுக்கு வேண்டாம்" என்று சொல்ல நேர்ந்த அலுவலர்கள் இப்பகுதியை நம்மைப் போலவே இருமுறை படிப்பர்.

எல்லாமே உவப்பாக இருந்தது என்று சொல்வதற்கில்லை. அவளுக்குப் பதின்மூன்று வயது முதலே அவள்மேல் அன்பு கொண்டிருந்ததாக நைட்லி விளையாட்டாகக் கூறுமிடம் இன்றைய வாசகருக்கு நெருடும், நமக்கும் நெருடியது.

நூலின் வரவுசெலவும் சுவையானதே. பதிப்பாளர் ஜான் மர்ரி, 'எம்மா'வோடு வேறிரு புதினங்களின் உரிமைக்கும் சேர்த்து 450 பவுண்டு தர முன்வந்தார். ஆஸ்டின் அதனை ஏற்காமல், இலாப நட்டம் தம்மைச் சேரும் முறையில் 1815 டிசம்பரில் வெளியிட்டார். அச்சானவை 2,000 படிகள். மற்றொரு நூலின் மறுபதிப்பில் நேர்ந்த நட்டத்தை இதன் இலாபத்தில் கழித்ததால், முதலில் கைக்குக் கிட்டியது நாற்பது பவுண்டுக்கும் குறைவு. 1816 மார்ச்சில் அவருடைய அண்ணன் ஹென்றி பங்குதாரராக இருந்த வங்கியும் நொடித்தது. அக்குடும்பத்துப் பெண்ணின் முகமே பின்னாளில் வங்கித்தாளில் ஏறியது.

இப்புதினத்தைத் தழுவி 2010-இல் தில்லியைக் களமாகக் கொண்டு 'ஆயிஷா' என்னும் இந்தித் திரைப்படம் வந்தது. தமிழில் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' ஆஸ்டினின் வேறொரு புதினத்தைத் தழுவியது என்பதைத் திரை ஆர்வலர் அறிவர்.

நைட்லி எவ்வாறு தம் மனத்தை வெளியிட்டார் என்பதை நூலிலேயே காண்க. அதன் பின்னும் ஒரு தடை எஞ்சுகிறது. எம்மாவின் தந்தையார் எந்த மாற்றத்தையும் பொறுக்காதவர். மகளைப் பிரியவும் மாட்டார். நைட்லி தம் பெரிய மாளிகையை விட்டு மாமனார் வீட்டிலேயே குடிபுக இசைகிறார். அப்போதும் முதியவர் நாளைத் தள்ளிப்போடுகிறார். அந்நேரம் பார்த்து அக்கம்பக்கத்துப் பண்ணைகளில் வான்கோழிகள் களவு போகின்றன. வீட்டுக்கு ஆண் துணை வேண்டும் என்று அஞ்சிய கிழவர், திருமணத்தை விரைவில் முடிக்கச் சொல்லிவிடுகிறார்.