இராயபுரமும் சவ்வாது மலையும்

சென்னை மாநகரின் வடபால், கடலையடுத்த இராயபுரத்தில், தென்னாட்டின் முதற் புகைவண்டி நிலையம் இன்றும் நின்று நிலவுகின்றது. இராயப்பர் என்பது தூய பேதுருவுக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கும் பெயர். அதுவே ஊர்ப்பெயராயிற்று என்பர். பழமைக்காகப் போற்றப்படும் இந்நிலையத்தின் வரலாறு, சவ்வாது மலையினின்று நோக்குவார்க்குப் பிறிதொரு பொருளும் தருவதாகும். அதனை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

அக்காலத்து வணிகர் மனைகளும் பண்டகசாலைகளும் கோட்டைக்கு வடக்கே செறிந்திருந்தன. கப்பல்கள் நங்கூரமிடும் கடற்றுறையும் அணித்தே இருந்தது. ஆதலின் மெட்ராஸ் ரெயில்வே கம்பெனியார் இராயபுரத்தைத் தேர்ந்தனர். யவன முறைத் தூண்கள் அணிசெய்யும் நிலையத்தை, 1856-ஆம் ஆண்டு ஜூன் 28-ல் ஆளுநர் ஹாரிஸ் பிரபு திறந்துவைத்தார். ஜூலை முதல் நாள் தொட்டு, ஆர்க்காட்டையடுத்த வாலாஜா வரை ஏறத்தாழ 63 மைல் வண்டி ஓடிற்று. பம்பாயில் 1853-லும் கல்கத்தாவையடுத்து 1854-லும் புகைவண்டி தோன்றியதாயினும், அவற்றின் முதல் நிலையக் கட்டடங்கள் மறைந்தன, இராயபுரமோ நிலைத்தது. 1873-ல் சென்ட்ரல் நிலையம் எழுந்த பின்னர் இதன் செல்வாக்குப் படிப்படியாகக் குன்றிற்று.

வாலாஜாவோடு பாதை நின்றுவிடவில்லை. பாலாற்றுப் பள்ளத்தாக்கினூடே ஆம்பூர், வாணியம்பாடி, சோலையார்பேட்டை வழியாக மேற்கே நீண்டது. அவ்வழியே செல்வார்க்கு இடப்புறம் தோன்றும் நெடுந்தொடரே சவ்வாது மலை.

தண்டவாளம் இரும்பாயினும், அதனைத் தாங்கியவை மரக்கட்டைகள். தொடக்கத்தில் இயந்திரத்தின் உலையில் எரிந்ததும் பெரும்பாலும் விறகே. இவற்றை அளித்தவை பாதையை அடுத்த மலைக்காடுகள். இராயபுர நிலையம் திறந்த அதே 1856-ல், சென்னை மாகாணத்தின் முதற் காட்டுக் காப்பாளராக மருத்துவர் கிளெகார்ன் அமர்த்தப்பெற்றமை கருதத்தக்கது. காடு அழியுமென்ற அச்சம் புகைவண்டியோடு உடன்பிறந்தது போலும்! 1882-ல் சென்னைக் காட்டுச் சட்டம் பிறந்தது. ஒதுக்கப்பட்ட காடுகளில் மேய்ச்சலும் விறகெடுத்தலும் கட்டுக்கடங்கின. பெருமரங்களை வீழ்த்தியது பிறர் தேவை. கட்டுப்பாட்டின் சுமையோ ஆடுமாடு மேய்த்தும் தினை சாமை விதைத்தும் வாழ்ந்த மலைவாழ் மக்கள்மீதும் விழுந்தது.

இன்றும் மலையின்மேல் இருப்புப்பாதை இல்லை. அங்குள்ளோர் வண்டியேற மலையினின்று இறங்கிவருதல் வேண்டும். இராயபுரத்துத் தூண்களைக் காத்தல் நம் கடனே. ஆயின் தூணை மட்டும் போற்றி, அப்பாதைக்குத் தன் மரத்தை ஈந்த காட்டை மறத்தல் நன்றி ஆகாது. இரண்டையும் ஒருங்கே நினைத்தலே வரலாறு கற்றார்க்கு அழகாம்.