ஊர் தன்னை நினைக்கும் நாள்

தமிழர்க்கு விழா புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்து இந்திரவிழா 28 நாள் நிகழ்ந்ததென்றும், அதனை மறந்தமையால் அந்நகரைக் கடல் கொண்டதென்றும் மணிமேகலை கூறும். ஆயின், தெய்வத்தை முன்னிறுத்தாது, ஊரின் வரலாற்றையே பொருளாகக் கொண்டு ஆண்டுதோறும் எடுக்கப்படும் விழா அண்மைக் காலத்தது. அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு சென்னைத் தினமாகும்.

1639 ஆம் ஆண்டில் தாமர்ல வெங்கடாத்திரி நாயக்கரிடமிருந்து மதராசபட்டினத்துக் கடற்கரை நிலத்தைக் கிழக்கிந்தியக் கம்பனியின் பொருட்டுப் பிரான்சிஸ் டே என்பார் பெற்றார். அதன் நினைவாக ஓகஸ்ட் 22 கொண்டாடப்படுகின்றது. நாள் யூலை 22 என்பாரும் உளர். டே அவ்விடம் வந்து சேர்ந்ததே யூலை 27 என்று கூறி மறுப்பாரும் உளர்.

இவ்விழாவை 2004 இல் தொடக்கியோர் எஸ். முத்தையா, சசி நாயர், வின்சென்ற் டி சூசா ஆகிய மூவர். இவர்களுள் முத்தையா கொழும்பில் 'ரைம்ஸ் ஒப் சிலோன்' பத்திரிகையிற் பல்லாண்டு பணியாற்றிப் பின் 1968 இல் சென்னை சென்றவர். 2019 இல் மறைந்தார். இவ்விழா அரசின் ஆணையாற் பிறந்ததன்று. பள்ளிக்கூடம், சங்கம், தனியாள் என எவரும் தத்தம் பகுதியில் வரலாற்று நடை, சொற்பொழிவு, ஒளிப்படக் காட்சி, வினாவிடைப் போட்டி முதலியவற்றை நடத்தலாம். ஆதலின் ஒருநாள் விழா ஒரு வாரத்தையும் கடந்து வளர்ந்தது.

கம்பனியார் நிலம் பெற்ற நாள் நகரின் பிறந்தநாள் ஆகுமா என்பது நியாயமான வினாவே. மயிலையைச் சம்பந்தரும் திருவல்லிக்கேணியைத் திருமங்கையாழ்வாரும் பாடியது அதற்குப் பல நூற்றாண்டு முன்னரன்றோ? எனினும், அவ்வினாவை ஊரார் வாயில் எழுப்பியதே விழாவின் பயன் எனலாம். வரலாற்றை ஆராயத் தூண்டாத விழா வெறும் ஆரவாரமாகவே முடியும்.

இவ்வாறு நினைத்தற்குரியவை பெருநகர்க்கு மட்டுமே உரியனவல்ல. ஒல்லாந்தர் 1708 இல் நிறுவிய தொழுநோய் வைத்தியசாலை ஹெந்தளையில் உள்ளது. ஊர்ப்பெருமை பேசுவோர் இதனை எளிதில் விட்டுவிடுவர். ஆயின், கோயிலும் கோட்டையும் போலவே, நோயுற்றோர் உறவினரைப் பிரிந்து ஒதுங்கி வாழ்ந்த இடமும் ஊரின் வரலாறேயாம். பெருமைக்குரியவற்றை மட்டும் தெரிந்தெடுத்துக் கொண்டாடுதல் புகழ்ச்சியாகுமேயன்றி வரலாறாகாது.

கட்டடங்கள் சிலகாலம் நிற்கும். முதியோர் நினைவோ அவரோடு மறையும். ஆதலின், மாணவர் தத்தம் ஊர்ப் பெரியோரை அணுகித் தெரு, குளம், தொழில், இடப்பெயர் ஆகியவற்றின் செய்திகளை வினவி எழுதிவைத்தல் வேண்டும். ஆண்டுக்கு ஒருநாள் அவ்வேடுகளை ஊரார் முன் படிப்பின், அதுவே ஊர்விழாவின் நல்ல தொடக்கமாகும்.