ஆற்றுக்கு வழி விட்டால் கடைக்குப் பாதுகாப்பு

2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு சைதாப்பேட்டைக்குள் புகுந்ததை நாம் மறக்க முடியாது. மூட்டை நனைந்தால் முதலே போய்விடும். கரையில் சுவர் எழுப்பினால் மட்டும் போதுமா? ஆற்றுக்கு இடமும் வழியும் வேண்டும். கரையோரத் தாழ்நிலத்தையும் சதுப்பையும் விட்டுவைத்தால் வெள்ளம் அங்கே பரவி வேகம் தணியும். முகத்துவாரத்தை மணல் அடைத்தால் வெள்ளம் கடலில் வடியாமல் தேங்கும். கடல்நீர் ஏறி இறங்க வழியின்றி மீனும் இறாலும் குறையும். மணலை அகற்றினால் இரண்டுக்கும் நிவாரணம். குப்பை கொட்டிக் கிடந்த உப்பங்கழியில் 58 ஏக்கரைச் சீராக்கி, 2011-ல் தொல்காப்பியப் பூங்கா திறக்கப்பட்டது. அங்கே நீரும் நிற்கிறது, பறவையும் வருகிறது.

வணிகப் பெருமக்களே! பிளாஸ்டிக் தூக்குப் பைக்கு 2019 முதல் தடை. சாக்கு, அட்டைப்பெட்டி எதையும் மழைநீர்க் கால்வாயில் தள்ள வேண்டாம். கால்வாய் அடைத்தால் முதலில் நனைவது நமது சரக்கே!