நடந்து போகிற தூரம்

1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது தூத்துக்குடி நகரத்தில் இருந்தவர்கள் ஏறத்தாழ 28 ஆயிரம் பேர். 2011இல் அந்த எண்ணிக்கை இரண்டு லட்சத்து 37 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. பழைய ஊர் கடலை ஒட்டி நெருக்கமாக அமைந்த ஊர். வடக்கே திரேஸ்புரம், தெற்கே பனிமய மாதா கோயில், மேற்கே 1876இல் இரயில் வந்து சேர்ந்த நிலையம், ஊடே பருத்திப் பொதிகள் துறைமுகத்துக்குப் போன கிரேட் காட்டன் ரோடு. ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குப் போக நல்ல நடைக்காரருக்கு ஒரு மணி நேரம்கூட வேண்டாம். வேலை, சந்தை, பள்ளிக்கூடம், கோயில், கடல் எல்லாமே அந்த எல்லைக்குள் அடங்கிவிட்டன.

கரையோரம் ஆழம் இல்லாததால் அன்றைக்குப் பெரிய கப்பல்கள் மைல் கணக்கில் தள்ளியே நங்கூரம் போட்டன. தோணிகள்தான் சரக்கை ஏற்றிக்கொண்டு போய்வந்தன. தோணிக்காரரும் சுமை தூக்குபவரும் கிட்டங்கிக் கணக்குப்பிள்ளையும் வீட்டிலிருந்து கால்நடையாகவே துறைக்கு வந்தார்கள். 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட புதிய துறைமுகம், ஊருக்குத் தெற்கே முயல் தீவை ஒட்டி ஏறத்தாழப் பத்து கிலோமீட்டர் தொலைவில் எழுந்தது. கப்பல் நேராகத் தளத்தை அணைந்து நின்றது. கிரேன் வந்தது, கண்டெய்னர் வந்தது. ஊருக்குச் சோறு போட்ட மாற்றம் அது. ஆனால் வேலைக்கு நடந்து போகிற தூரம் அன்றோடு போயிற்று. அனல்மின் நிலையம், சிப்காட், புறவழிச்சாலையோரக் குடியிருப்புகள் என்று ஊர் அகல அகல, பைக் இல்லாமல் ஒரு நாளை ஓட்ட முடியாது என்றாகிவிட்டது.

புதிய துறைமுகம் வந்த மறு ஆண்டில், 1975இல், அமெரிக்க மருத்துவர் ரால்ஃப் பாஃபன்பார்கர் ஓர் ஆய்வை வெளியிட்டார். சான் பிரான்சிஸ்கோ துறைமுகத் தொழிலாளர்கள் 6,351 பேரை 22 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து எழுதியது அது. கடும் உடலுழைப்பு செய்தவர்களிடையே மாரடைப்புச் சாவு, இலகுவான வேலை பார்த்தவர்களிடையே இருந்ததில் ஏறத்தாழப் பாதிதான். உடல் அசைவதற்கும் இதயம் நிலைப்பதற்கும் உள்ள தொடர்பை உலகம் நம்பியதற்கு, தூத்துக்குடியில் இருப்பவரைப் போன்ற துறைமுகத் தொழிலாளிகளும் ஒரு காரணம்.

இதைப் படித்துவிட்டு அந்தக் காலமே நல்ல காலம் என்று எழுதிவிட எனக்கு மனமில்லை. அன்றைய நடையில் பாதி, வேறு வழியில்லாத நடை. நகராட்சித் தலைவராக இருந்த குரூஸ் பர்னாந்து 1927இல் வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் கொண்டுவரும் வரை, குடிநீருக்காகப் பெண்கள் குடத்தோடு அலைந்தார்கள். உப்பளத் தொழிலாளிகள் வெயில் ஏறுமுன் வேலையைத் தொடங்க இருட்டிலேயே கிளம்பி நடந்தார்கள்; பாத்தியில் இறங்கிய கால் வெடித்துப் புண்ணானது. கோரல் மில் என்ற நூற்பாலையில் விடியற்காலை நுழைந்து இருட்டிய பின் வெளியே வந்தவர்களுக்கு வார விடுமுறை கிடைக்கவே 1908இல் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்நின்று நடத்திய வேலைநிறுத்தம் தேவைப்பட்டது. குழாயில் தண்ணீர் வந்ததும், உப்பளத்துக்கு வேனில் போக முடிவதும் நடையைக் குறைத்தன என்றால், அந்தக் குறைவு வரவேற்கத்தக்கது.

இழப்பு வேறு இடத்தில் இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எடுத்த கணக்கில், நம் நகரங்களில் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான் நீரிழிவு இருந்தது. அதே கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, தமிழ்நாட்டில் 14.4 சதவீதம் என்கிறது. கணக்கெடுத்த முறைகள் வேறு. உணவும் வயதும் இதில் சேரும். நடை குறைந்ததும் ஒரு காரணம். அதைத் திருப்பவும் முடியும் என்று காட்டியது சென்னையில் டாக்டர் அ.ராமச்சந்திரன் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வு. நீரிழிவின் விளிம்பில் இருந்தவர்களுக்கு அவர்கள் சொன்னது எளிமையானது: உணவில் கட்டுப்பாடு, தினமும் அரை மணி நேரமாவது வேகநடை. மூன்று ஆண்டுகளில், ஆலோசனை பெறாதவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. பெற்றவர்களில் 39 சதவீதம் பேருக்கு.

எனவே நடை திரும்பி வந்திருக்கிறது, வேறு உருவில். இன்று விடிகாலையில் முத்துநகர் கடற்கரையிலும் ரோச் பூங்காவிலும் ஷூ அணிந்தவர்கள் கைவீசி நடக்கிறார்கள். 2023 நவம்பரில் அரசு தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டத்துக்கு ஓர் எட்டு கிலோமீட்டர் நடைப்பாதை குறிக்கப்பட்டது. நல்ல காரியம். ஆனால் அந்த நேரத்தில் யார் நடக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஓய்வு பெற்றவர்கள், வேலை நேரம் தன் கையில் இருப்பவர்கள், பைக்கில் வந்து இறங்கி நடப்பவர்கள். ஐந்து மணிக்கு அடுப்பு மூட்டும் பெண்ணுக்கும், ஷிப்ட் முடிந்து தூங்கப் போகும் தொழிலாளிக்கும் கடற்கரை நடை எட்டாது. அன்று வேலையோடு வேலையாக எல்லோருக்கும் கிடைத்தது, இன்று நேரம் ஒதுக்க முடிந்தவருக்கு மட்டும் கிடைக்கிறது.

இதே கரையில், திருச்செந்தூருக்கு வடக்கே, காயல்பட்டினத்தில் வீடுகளுக்கு இடையே குறுகலான முடுக்குகள் ஓடுகின்றன. பெண்கள் பெருந்தெருவுக்கு வராமலே உறவினர் வீடுகளுக்குப் போய்வர விடப்பட்ட வழிகள். அவற்றுக்குப் பின்னால் இருக்கும் வழக்கத்தைப் பற்றி இன்றைய பெண்களுக்கு வேறு கருத்து இருக்கலாம். ஆனாலும் மனை பிரிக்கும்போதே நடப்பவருக்கென்று ஒரு பங்கு நிலத்தை ஒதுக்கிய ஊர் அது. வண்டி பின்னால் வருகிறதா என்று திரும்பிப் பார்க்காமல் ஒரு பாட்டி நடந்து போகலாம். புதிதாக மனை போடுகிற நகர்களில் அப்படி ஒரு வழியை நான் பார்க்கவில்லை. சாலையின் அகலம், கார் திரும்ப இடம், இவைதான் விளம்பரத்தில் வருகின்றன.

2017இல் தூத்துக்குடி சீர்மிகு நகரத் திட்டத்தில் சேர்ந்தது. சில சாலைகளுக்கு நடைபாதை கிடைத்தது, பூங்காக்கள் புதுப்பொலிவு பெற்றன. அந்த நடைபாதைகள் வேலை செய்ய வேண்டுமானால் தொடர்ச்சி வேண்டும். நூறு அடி நடந்ததும் டிரான்ஸ்பார்மர், அதை அடுத்து நிறுத்திய பைக், அதற்கப்பால் உடைந்த வடிகால் மூடி என்றால் காலை எடுத்துச் சாலையில்தான் வைக்க வேண்டியிருக்கிறது. சாலையிலோ துறைமுகத்துக்குப் போகும் லாரி. பங்குனி, சித்திரை வெயிலில் நிழல் இல்லாத நடைபாதையில் பகல் பத்து மணிக்கு மேல் யாரும் நடக்க மாட்டார்கள். மரம் வைப்பதும் நடைபாதை போடுவதும் ஒரே வேலைதான். தைப்பூசத்துக்குத் திருச்செந்தூர் போகும் பாதயாத்திரைக்காரர்கள் இன்னமும் வண்டிகளுக்குப் பக்கத்தில் சாலையோரத்தில்தான் நடக்கிறார்கள்.

துறைமுகத்தை ஊருக்குள் திரும்பக் கொண்டுவர முடியாது. பள்ளிக்கூடத்தையும் ரேஷன் கடையையும் ஆரம்ப சுகாதார நிலையத்தையும் காய்கறிச் சந்தையையும் நடந்து போகிற தூரத்தில் வைத்திருக்க முடியும். பனிமய மாதா கோயிலிலிருந்து பழைய பேருந்து நிலையம் வரை எழுபது வயதுப் பெண் ஒருவர் யார் கையையும் பிடிக்காமல், எங்கும் சாலையில் இறங்காமல், நிழலில் நடந்து வரும்படி ஒரே ஒரு வழியையாவது மாநகராட்சி முதலில் செய்து காட்டட்டும். அடுத்த சாலைக்கு மதிப்பீடு போடும்போது நடப்பவரின் பங்கை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை வண்டிகளுக்குக் கொடுக்கட்டும்.