பூஜ்யம்னு வந்தா உடனே நம்பாதீங்க: கீவேர்டு டூலும் தமிழ்ப் புள்ளியும்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கோம். இழுவைகளை மட்டும் வெட்டியிருக்கோம்.)

இன்னைக்கு நான் பண்ணின ஒரு தப்பைப் பத்திப் பேசப் போறேன். எங்க மாமாவுக்கு அதனால ஒரு சீசன்ல மூணு வாரம் போச்சு.

மாமா சிவகாசியில சின்னதா ஒரு பிரஸ் வச்சிருக்கார். தீப்பெட்டி லேபிள், பட்டாசு லேபிள் அடிச்சு வளர்ந்த ஊர் அது. இப்போ பாதி இந்தியாவுக்குக் காலண்டர் அங்கிருந்துதான் போகுது. அடுத்த வருஷத்து காலண்டர் ஆல்பத்தை ஆடிப்பெருக்கு அன்னைக்கு வெளியிடுவாங்க, அதுலேர்ந்து ஆர்டர் ஆரம்பிக்கும். பட்டாசுன்னா 2018 அக்டோபர்லயே உச்ச நீதிமன்றம் ஆன்லைன் விற்பனைக்குத் தடை போட்டுருச்சு. காலண்டருக்கு அந்தத் தடை இல்ல. அதனால மாமா போன் போட்டார்.

“மாப்ள, இன்டர்நெட்ல விளம்பரம் போடலாம்னு இருக்கேன். ஜனங்க என்ன வார்த்தை போட்டுத் தேடுறாங்கன்னு பார்த்துச் சொல்லு.”

இதுக்குத்தான் கீவேர்டு டூல் இருக்கு. ஒரு சொல்லைக் கொடுத்தா, மாசத்துக்கு ஏறக்குறைய எத்தனை தடவை அதைத் தேடுறாங்கன்னு சொல்லும். மாமா கொடுத்த சொற்களை ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் வச்சு சுத்தம் பண்ணி, டூல்ல ஏத்தினேன். ஆங்கிலச் சொல்லுக்கெல்லாம் எண் வந்துச்சு. தமிழ்ல பெரும்பாலும் வெறும் கோடு.

“மாமா, தமிழ்ல யாரும் தேடல. இங்கிலீஷ்ல மட்டும் போடுங்க”ன்னு சொல்லிட்டேன்.

அவர் அப்போவே கேட்டார்: “பிரஸ்ஸுக்கு போன் பண்றவன் பூரா தமிழ்லதானய்யா பேசுறான்?” நான் சிரிச்சிட்டு, “டேட்டா அப்படிச் சொல்லுது மாமா”ன்னேன்.

மூணு வாரம் கழிச்சு அந்தப் பட்டியலைத் திரும்பப் பார்த்தப்போ ஒண்ணு உறுத்துச்சு. ‘சிவகாசி’க்கு எண் இருக்கு. ‘தினசரி’க்கு இருக்கு. ‘காலண்டர்’க்கு இல்ல, ‘நாட்காட்டி’க்கு இல்ல. தினசரின்னு தேடுறவன் காலண்டர்னு தேட மாட்டானா? உத்துப் பார்த்தேன். எண் வந்த எந்தச் சொல்லுலயும் மெய்யெழுத்து இல்ல. அதாவது, புள்ளி வச்ச எழுத்து ஒண்ணுகூட இல்ல.

ஸ்கிரிப்டைத் திறந்தா, முன்னாடி ஒரு பிரெஞ்சு பிராஜெக்டுக்கு எழுதின ஃபங்ஷன் அப்படியே உட்கார்ந்திருக்கு. ஆக்சென்ட் நீக்குற ஃபங்ஷன்.

ஆக்சென்ட்னா என்ன?

ஐரோப்பிய மொழிகள்ல எழுத்து மேல, கீழ சின்னக் குறி போடுவாங்க. ‘கஃபே’ன்னு பிரெஞ்சுல எழுதும்போது கடைசி எழுத்து மேல ஒரு சாய்கோடு வரும். அவசரத்துல டைப் பண்றவங்க கோடு போட மாட்டாங்க. கோடு போட்டது, போடாதது ரெண்டும் ஒரே சொல்லா, வேற வேறயா? கூகுள் ஆட்ஸ் உதவிப் பக்கம் ரெண்டும் தனித்தனி கீவேர்டுன்னு சொல்லுது. எண்ணிக்கை பிரிஞ்சிடக் கூடாதேன்னு, நிறைய புரோகிராமர்கள் குறியையெல்லாம் எடுத்துட்டு ஒண்ணாக்கிடுவாங்க.

ஐரோப்பாவுலயே இது எப்பவும் சரிவராது. ஸ்பானிஷ்ல ‘ஆன்யோ’ன்னா வருஷம். அதுல இருக்கிற வளைகோட்டை எடுத்தா ‘ஆனோ’. அதுக்கு அர்த்தம் ஆசனவாய். ஸ்பெயினுக்குப் புத்தாண்டு காலண்டர் அடிச்சு அனுப்புறவர் நிலைமையை யோசிச்சுப் பாருங்க.

தமிழ்ல என்ன ஆகுது? யூனிகோடு ஒவ்வொரு குறிக்கும் ஒரு வகை கொடுத்திருக்கு. பிரெஞ்சு சாய்கோடு, நம்ம மெய்ப்புள்ளி, ஈகாரத்துக்கு மேல போடுற சுழி, மூணும் அதுல ஒரே வகை: தனியா இடம் பிடிக்காத ஒட்டுக்குறி. அந்த வகையை நீக்குன்னு கோடு எழுதினா, ரெண்டும் சேர்ந்தே போயிடும். ‘காலண்டர்’ வந்து ‘காலணடர’ ஆகும். ‘தீபாவளி’ வந்து ‘தபாவளி’ ஆகும். ‘நாட்காட்டி’ வந்து ‘நாடகாடடி’ ஆகும், என்னமோ மேடை நாடகத்துக்குக் கூப்பிடுற மாதிரி. இப்படி ஒரு சொல்லை உலகத்துல எவன் தேடுவான்? பூஜ்யம்தான் வரும். டூல் பொய் சொல்லல. நான் கேட்ட கேள்வியே தப்பு.

பிரெஞ்சுக்காரருக்குக் கோடு போனாலும் சொல் புரியும். தமிழ்ல புள்ளி போனா எழுத்தே மாறிடும். அது எழுத்துக்கு மேல போட்ட பொட்டு இல்ல, எழுத்தோட ஒரு பாகம்.

கண்ணுக்குத் தெரியாத ரெட்டைகள்

அதே ஃபங்ஷன் இன்னொரு வேலையும் பண்ணிருந்துச்சு. ‘பொங்கல்’ல வர்ற ‘பொ’வை ரெண்டு விதமா சேமிக்கலாம். ப-வுக்கு அடுத்து ஒகரக்குறி ஒரே எண்ணா இருக்கலாம். இல்லேன்னா கொம்பு தனி எண், கால் தனி எண்ணா இருக்கலாம். திரையில ரெண்டும் ஒண்ணுதான். கம்ப்யூட்டர் எண்ணை எண்ணோட ஒப்பிடும்போது மட்டும் வேற வேற. ஃபங்ஷன் எல்லாத்தையும் உடைச்சுப் போட்டுட்டு, திரும்பச் சேர்க்காம விட்டுருச்சு. இதுக்கு மருந்து இருக்கு: என்எஃப்சிங்கிற நார்மலைசேஷன். உடைஞ்சு கிடக்கிறதை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துடும்.

ஆனா எல்லாத்தையும் அது சேர்க்காது. எங்க மாவட்டத்து ஸ்ரீவில்லிபுத்தூரையே எடுத்துக்கோங்க. ‘ஸ்ரீ’யை ஸகரத்துலேர்ந்தும் உருவாக்கலாம், 2005ல யூனிகோடுக்கு வந்த இன்னொரு ஶகரத்துலேர்ந்தும் உருவாக்கலாம். பல எழுத்துருக்கள்ல பார்க்க ஒரே மாதிரி இருக்கும். என்எஃப்சி இதைத் தொடாது. ‘ஔ’வும், ‘ஒ’ பக்கத்துல ‘ள’ போட்டதும் அப்படித்தான். இதையெல்லாம் நாமதான் பட்டியல் போட்டுச் சேர்க்கணும்.

சொல்லைப் பிரிக்கிற இடத்துலயும் ஒரு பள்ளம் இருக்கு. பைத்தானோட சாதாரண ரெகெக்ஸ்ல, சொல்லுக்குள்ள வர்ற எழுத்துன்னு கேட்டா, நம்ம கால், கொம்பு, புள்ளி எதையும் அது எழுத்தா மதிக்காது. ‘காலண்டர்’ உடைஞ்சு ‘க’, ‘லண’, ‘டர’ன்னு மூணு துண்டா விழும்.

பிரஸ் ஃபைல்ல இருக்கிற தமிழ்

பிரஸ்காரங்களுக்குன்னு தனியா ஒரு சிக்கல் இருக்கு. டிடிபியில பழைய எழுத்துருக்கள் இன்னும் ஓடுது. பாமினியில அடிச்ச ‘தமிழ்’, கம்ப்யூட்டருக்கு ஆங்கில ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு அரைப்புள்ளி. அதுல சின்ன கே ‘ம’, பெரிய கே ‘மு’. சின்னது பெருசு பார்க்காம எல்லாத்தையும் சின்ன எழுத்தா மாத்துற டூல்ல போட்டா, ‘முதல்’ வந்து ‘மதல்’ ஆயிடும்.

யூனிகோடு பரவுறதுக்கு முன்னாடி இணையத்துல புழங்கின திஸ்கியில கதை இன்னும் சுவாரஸ்யம். ஆக்சென்ட் எழுத்துகள் இருந்த இடத்துலதான் தமிழைக் குடிவச்சாங்க. ஆங்கில ‘ஏ’ மேல இடது சாய்கோடு போட்டா ப, வலது சாய்கோடு போட்டா ம, தொப்பி போட்டா ய, வளைகோடு போட்டா ர, ரெண்டு புள்ளி வச்சா ல, வட்டம் போட்டா வ. இப்போ ஆக்சென்டை நீக்குங்க. ஆறு எழுத்தும் வெறும் ‘ஏ’. மரம், வரம், பலம், பயம் எல்லாம் ஒரே சொல்லு!

அப்போ என்ன பண்ணணும்?

பட்டியலை டூல்ல ஏத்துறதுக்கு முன்னாடி, கடைசியா என்ன போகுதுன்னு கண்ணால படிங்க. நான் அதைப் பண்ணல.

தமிழுக்கு ஆக்சென்ட் நீக்கத்தை அணைச்சிடுங்க. என்எஃப்சி மட்டும் போதும். பழைய எழுத்துருவுல இருந்தா முதல்ல யூனிகோடுக்கு மாத்துங்க.

காலண்டர், காலெண்டர், கேலண்டர், நாட்காட்டி, நாள்காட்டின்னு ஜனங்க எழுதுற எல்லா வடிவத்தையும் கொடுங்க. ஆங்கில எழுத்துல தமிழை அடிக்கிறவங்களையும் சேர்த்துக்கோங்க. கூகுள் ட்ரெண்ட்ஸ்ல ‘தேடல் சொல்’னு எடுத்தா நீங்க அடிச்ச எழுத்துக்கூட்டலுக்குத்தான் கணக்கு வரும். ‘தலைப்பு’ன்னு எடுத்தா மற்ற மொழித் தேடலும் சேரும்.

கடைசியா, நிச்சயமா தேடுவாங்கன்னு உங்களுக்கே தெரிஞ்ச ஒரு சொல்லைச் சோதனைக்குப் போடுங்க, ‘பட்டாசு’ மாதிரி. அதுக்கே பூஜ்யம் வந்தா, கோளாறு ஜனங்ககிட்ட இல்ல, உங்க கோடுல.

ஏன் இவ்வளவு சொல்றேன்னா, அந்தப் பூஜ்யம் சும்மா இருக்காது. தமிழ்ல தேடல் இல்லன்னு ரிப்போர்ட் போகும். அதைப் பார்த்து யாரும் தமிழ்ல பக்கம் எழுத மாட்டாங்க. தேடுறவனுக்குத் தமிழ்ல ஒண்ணும் கிடைக்காது, அவன் ஆங்கிலத்துல தேடப் பழகிடுவான். அடுத்த வருஷ ரிப்போர்ட்ல அந்தப் பூஜ்யம் உண்மையாவே ஆயிடும்.

மாமாகிட்ட போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன். தமிழ் விளம்பரம் ஆவணியிலதான் போச்சு. அவர் திட்டல. “காலண்டர்ல ஒரு புள்ளி விட்டா, அச்சடிச்ச கட்டு அத்தனையும் திரும்பி வரும் மாப்ள. அதான் நாங்க புரூஃப் பார்க்காம மிஷின்ல ஏத்துறதில்ல”ன்னார்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே. அதுவரைக்கும் புரூஃப் பாருங்க.