பெடரல் கோர்ட்டுக்குச் சென்ற தமிழ் வக்கீல்

அமெரிக்காவில் பெடரல் நீதிபதி பதவிக்கு ஜனாதிபதி ஒருவருடைய பெயரைச் சொன்னால், செனட் சபையார் அவரை அழைத்துக் கேள்விமேல் கேள்வி கேட்கிறார்கள். நம் தேசத்தில் அவ்வழக்கம் இல்லை. இங்கே நீதிபதியைப் பரீட்சிப்பவை அவர் எழுதும் தீர்ப்புகளே. ஸ்ரீ எம். பதஞ்சலி சாஸ்திரியை அந்த உரைகல்லில் உரைத்துப் பார்ப்போம்.

வட ஆற்காட்டு மண்டகொளத்தூரில் 1889-ம் வருஷம் ஜனவரி 4-ந் தேதி பிறந்தவர் அவர். தந்தையார் பச்சையப்பன் கலாசாலையில் சம்ஸ்கிருத பண்டிதர். மகனோ வரிச் சட்டத்தில் வல்லுநரானார். நகரத்தார் பலர் அவருடைய கட்சிக்காரர்கள். 1922-ல் வருமான வரிக் கமிஷனரின் நிரந்தர வக்கீலானார். 1939 மார்ச்சில் சென்னை ஹைகோர்ட் நீதிபதியானார்.

அச்சமயம் ராஜாஜி மந்திரிசபை 1938-ல் இயற்றிய விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைப் பற்றி வழக்குகள் வந்து குவிந்தன. நீதிபதி வாட்ஸ்வொர்த்துடன் அமர்ந்து அவ்வழக்குகளில் நூற்றுக்கணக்கானவற்றைத் தீர்த்தார். கரிசல் பூமியில் பருத்தி விதைத்து, மழை பொய்த்தால் கடன் வாங்கிப் பிழைத்த நம் விருதுநகர், சாத்தூர்ப் பக்கத்தாருக்கு அச்சட்டத்தின் அருமையை விளக்க வேண்டியதில்லை.

1937-ல் ஏற்பட்ட பெடரல் கோர்ட்டுக்கு அவர் நியமனம் பெற்றது 1947 டிசம்பர் 6-ந் தேதி. 1950 ஜனவரியில் அந்தக் கோர்ட்டின் இடத்தில் சுப்ரீம் கோர்ட் தோன்றியது. அவரும் அதன் முதல் நீதிபதிகளில் ஒருவரானார்.

அவ்வருஷம் மே 19-ந் தேதி, கம்யூனிஸ்ட் தலைவர் ஏ. கே. கோபாலனைத் தடுப்புக் காவலில் வைத்தது செல்லும் என்ற பெரும்பான்மையோருடன் அவரும் சேர்ந்தார். அத்தீர்ப்பின் நியாயத்தை 1970-ல் சுப்ரீம் கோர்ட்டே கைவிட்டது. ஆனால் ஒரு வாரம் கழித்து, மே 26-ந் தேதி, இன்னொரு தீர்ப்பு வந்தது. பம்பாயிலிருந்து வெளிவந்த "கிராஸ் ரோட்ஸ்" என்ற இடதுசாரிப் பத்திரிகை சென்னை ராஜ்யத்துக்குள் வரக்கூடாது என்று சர்க்கார் தடுத்திருந்தது. அந்தத் தடை செல்லாது என்று பெரும்பான்மையோர் சார்பில் எழுதியவர் சாஸ்திரியாரே. அச்சுத் தொழிலால் பல்லாயிரம் குடும்பங்கள் உண்ணும் சிவகாசிச் சீமையில் அத்தீர்ப்பை யாரும் அன்னியமாக நினைக்க மாட்டார்கள்.

இதற்குப் பதிலாக, 1951-ல் பார்லிமெண்ட் அரசியல் சட்டத்தையே திருத்தியது. அத்திருத்தம் ஜமீன் ஒழிப்புச் சட்டங்களுக்கும் காப்பு அளித்தது. எனவே ஜமீன்தார்கள் அதை எதிர்த்து வழக்காடினார்கள். தம் தீர்ப்பைத் தாண்டிச் சென்ற திருத்தம் அது என்பதை அறிந்தும், அப்படித் திருத்தப் பார்லிமெண்டுக்கு அதிகாரம் உண்டு என்றே அவர் எழுதினார். ரோஷம் பேனாவைப் பிடிக்கவில்லை.

1951 நவம்பரில் பிரதம நீதிபதியானார். மறு வருஷம் மார்ச்சில், சென்னையில் ஒரு கல்விச் சங்கத்தைச் சட்ட விரோதமாக்கிய சர்க்கார் உத்தரவு சம்பந்தமான வழக்கில், பிரஜைகளின் உரிமைகளுக்குக் கோர்ட்டே காவலன் என்றார். கூடவே, நீதிபதி தம் சொந்தக் கொள்கைகளை அடக்கிக்கொள்ள வேண்டும் என்றும் எழுதினார்.

1954 ஜனவரியில் ஓய்வு பெற்ற அவர், 1963-ல் காலமானார். சட்டம் படிக்க விரும்பும் பிள்ளைகள் நம் வீடுகளில் இருந்தால், அவர் வகித்த பதவிகளைவிட அந்த மூன்று வருஷத்துத் தீர்ப்புகளை அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள்.