தெருவைக் காப்பதா, தெருவாசிகளைக் காப்பதா? – பினாங்கின் வக்ஃபு நிலங்களை முன்வைத்து

மலேசியாவின் பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ் டவுன் நகரம், மலாக்காவுடன் இணைத்து, 2008 ஜூலை 7 அன்று யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஏறத்தாழ 109 ஹெக்டேர் மையப் பகுதியாக வரையறுக்கப்பட்டது. அதற்குள் புதிய கட்டடம் எதுவும் 18 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. அந்த எல்லைக்குள்தான் சூலியா வீதி இருக்கிறது. சூலியர் என்பது சோழமண்டலக் கரையிலிருந்து அங்கு சென்று குடியேறிய நம் வணிகர்களுக்கும் கப்பல் தொழிலாளர்களுக்கும் வழங்கிய பெயர்.

1786இல் பிரான்சிஸ் லைட் அத்தீவில் கும்பினியின் கொடியை ஏற்றினார். அடுத்த பதினைந்தாண்டுகளுக்குள், 1801இல், பறங்கிப்பேட்டையைச் சேர்ந்த காதிர் முகைதீனின் முயற்சியால் கபித்தான் கிளிங் பள்ளிவாசல் எழுந்தது. ('கிளிங்' இன்று மலேசியாவில் இழிசொல்லாகிவிட்டது, பள்ளிவாசலின் பெயரில் மட்டும் பழைய பொருளோடு நிற்கிறது.) அதற்குக் கும்பினி அளித்த நிலம் சுமார் 18 ஏக்கர். தொழுமிடத்துக்கு மட்டும் அவ்வளவு நிலம் தேவையில்லை. பள்ளியைச் சுற்றி மையவாடியும் குடியிருப்புகளும் அமைந்தன. சற்றுத் தொலைவில், 1808இல், அச்சேயிலிருந்து வந்த சையித் ஹுசைன் ஐதீத் நிறுவிய பள்ளியும் அவ்வாறே ஒரு மஹல்லாவாக வளர்ந்தது. கடல்வழி ஹஜ் பயணத்தின் காலத்தில் சுற்றுவட்டார ஹாஜிகள் கப்பலுக்காகத் தங்கிய இடம் அது. இத்தெருக்களை நிலைக்கச் செய்தது சுண்ணாம்பும் செங்கல்லும் அன்று. விற்கவோ நன்கொடையாக அளிக்கவோ வாரிசுகளுக்குப் பங்கிடவோ இயலாத வக்ஃபு என்னும் ஏற்பாடே என்பது நம் கருத்து.

அவ்வேற்பாட்டில் முதல் விரிசல் காலனி ஆட்சியில் விழுந்தது. 1905இன் சட்டப்படி அமைந்த முகமதிய, இந்து அறநிலைய வாரியம் நிர்வாகத்தை ஏற்றது. பள்ளிவாசல் எழிலுடன் விரிவாக்கப்பட்டது. அதைச் சூழ்ந்திருந்த குடியிருப்புகளோ அகற்றப்பட்டன. இன்று வக்ஃபுகளின் பொறுப்பு மாநில இஸ்லாமிய சமயப் பேரவையிடம் உள்ளது.

இரண்டாவது அடி சந்தையிலிருந்து வந்தது. 1948க்கு முன் கட்டப்பட்ட வீடுகளின் வாடகையை உயராமல் வைத்திருந்த சட்டம் 1997இல் நீக்கப்பட்டு, 2000 ஜனவரி முதல் கட்டுப்பாடு முற்றாக அகன்றது. தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள் பலர் வெளியேறினர். பின்னர் வந்த யுனெஸ்கோ அங்கீகாரம் முகப்புகளைக் காத்தது, வாடகையைக் காக்கவில்லை. கைவினைஞர் இருந்த கடைவீடுகள் பல விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறின.

இங்கே ஃபிக்ஹு சார்ந்த ஒரு சிக்கல் எழுகிறது. வக்ஃபுச் சொத்தை 'உஜ்ரத்துல் மிஸ்ல்' எனும் ஒத்த வாடகைக்குக் குறைவாக விடலாகாது என்பது ஃபுகஹாக்களின் பொது நிலைப்பாடு. வக்ஃபின் வருவாயை வேண்டியவர்களுக்குத் தாரைவார்க்கும் முதவல்லிகளைத் தடுக்க வந்த நல்ல விதி அது. ஆனால் பாரம்பரியப் பட்டியலால் வாடகை பன்மடங்கு உயர்ந்த தெருவில், அவ்விதியையே காட்டிப் பழைய குடியிருப்பாளரை வெளியேற்றலாமே! எண்ணளவில் நிர்வாகி நேர்மையாளர், மஹல்லாவோ காலி.

நாம் கருதுவது இது: 'ஒத்தது' எதற்கு ஒத்தது என்று முதலில் கேட்க வேண்டும். தையற்காரரின் கடைக்கு ஒத்தது மற்றொரு தையற்கடையே அன்றி, அயல்நாட்டுப் பயணிகள் தங்கும் விடுதி அன்று. வாகிஃப் ஒரு பள்ளியைச் சுற்றித் தொழுகையாளிகள் வாழ வேண்டும் என்றே நிலத்தை ஒதுக்கியிருந்தால், அந்நோக்கத்துக்கு உட்பட்ட பயன்பாட்டை வைத்தே வாடகையை மதிப்பிடுவது முறை. மேலும், நிர்வாகி முறையாகக் குத்தகைக்கு விட்டபின் தவணைக்குள் வாடகை உயர்ந்தாலும், கூடுதல் தருவோர் வந்தாலும் அவ்வொப்பந்தம் முறியாது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் ஏற்றமான கருத்து. நவவி இமாம் மின்ஹாஜில் இதனையே உறுதிப்படுத்துகிறார். பினாங்கிலும் நம் கடற்கரை ஊர்களிலும் பின்பற்றப்படுவது இம்மத்ஹபே. ஆகவே ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒப்பந்தத்துக்குப் பதிலாக, தொழிலையும் பயன்பாட்டையும் பெயர் சுட்டி எழுதிய சில ஆண்டுக் குத்தகையை முதவல்லிகள் பரிசீலிக்கலாம். தவணை எவ்வளவு நீளலாம் என்பதில் மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு; வாகிஃப் விதித்த நிபந்தனையே அங்கு முதலில் பார்க்கப்பட வேண்டியது.